8கே டிவி வாங்குறதுக்கு முன்னாடி உங்க சோபாவை அளந்து பாருங்க

(எபிசோடில் பேசியதன் எழுத்து வடிவம். படிக்க வசதியாக, திரும்பத் திரும்பச் சொன்ன இடங்களைச் சுருக்கியிருக்கிறோம்.)

போன வாரம் ராத்திரி பத்து மணிக்கு ஒரு நண்பன் போன் பண்ணான். புது ஃபிளாட்டுக்குக் குடி போறான். ஹாலுக்கு டிவி வாங்கணுமாம். "மச்சி, கடைக்காரர் 8கே எடுங்க, 4கே எல்லாம் பழசாயிடுச்சுன்னு சொல்றாரு. 18 மாசம் இஎம்ஐ போட்டா வந்துரும். எடுக்கட்டுமா?"ன்னு கேட்டான்.

நான் உடனே பதில் சொல்லல. "உன் சோபாவுக்கும் சுவத்துக்கும் நடுவுல எத்தனை அடி?"ன்னு கேட்டேன். அவனுக்குப் புரியல. "டேய், நான் டிவி பத்திக் கேக்குறேன்டா"ன்னான்.

நானும் டிவி பத்திதான் கேட்டேன். ஏன்னு இந்த எபிசோட் முடியுறதுக்குள்ள உங்களுக்கே புரிஞ்சிடும். இந்த விஷயத்துல நான் ஒரு தடவை நல்லா ஏமாந்திருக்கேன். கடைக்காரர் ஏமாத்தல, நானேதான் என்னை ஏமாத்திக்கிட்டேன். அந்தக் கதையில இருந்தே ஆரம்பிக்கிறேன்.

அம்மாவும் 55 இன்ச்சும்

திருச்சியில எங்க வீட்டுல ரொம்ப நாளா ஒரு 32 இன்ச் டிவிதான். ஒரு தடவை லீவுக்குப் போனப்போ கவனிச்சேன், அம்மா நாற்காலியை டிவி பக்கத்துல இழுத்துப் போட்டு உக்காந்திருந்தாங்க. "ஏம்மா இவ்ளோ கிட்ட?"ன்னு கேட்டா, "தெளிவாத் தெரியலடா, மங்கலா இருக்கு"ன்னாங்க.

நமக்கு வேலை கிடைச்ச புதுசு. கையில கொஞ்சம் காசு இருந்துச்சு. அடுத்த மாசமே 55 இன்ச் 4கே டிவி வீட்டுக்குப் போயிடுச்சு. பெருமைன்னா அப்படி ஒரு பெருமை எனக்கு.

பொங்கலுக்குப் போறேன். ஹால்ல புது டிவி ஓடுது, அப்பா செய்தி பாக்குறார். உள் ரூம்ல பழைய 32 இன்ச் ஓடுது, அம்மா அங்க சீரியல் பாக்குறாங்க. கேட்டா, "அதுவும் நல்லாதான்டா இருக்கு. என்னமோ மூஞ்சியெல்லாம் பிசுபிசுன்னு இருக்கு, அதான்"னு சொல்லிட்டு, நான் வருத்தப்படுவேன்னு உடனே பேச்சை மாத்திட்டாங்க.

80 லட்சம் பிக்சலுக்கு மேல இருக்குற டிவியில படம் பிசுபிசுன்னு இருக்கு, 10 வருஷப் பழைய டிவியில நல்லா இருக்கு. இது எப்படி? அம்மா சும்மா சொல்லல. கணக்குப் போட்டுப் பார்த்தா அவங்க சொன்னதுதான் சரி.

முதல்ல பிக்சல் கணக்கு

டிவி திரைங்கறது சின்னச் சின்னப் புள்ளிகள்தான். சாதாரண எஸ்டி சேனல் 720 × 576 புள்ளி, அதாவது சுமார் 4 லட்சம். ஃபுல் எச்டின்னா 1920 × 1080, சுமார் 20 லட்சம். 4கே-ன்னா 3840 × 2160, சுமார் 83 லட்சம். 8கே-ன்னா 7680 × 4320, சுமார் 3 கோடியே 32 லட்சம்.

ஒவ்வொரு படியிலயும் நாலு அஞ்சு மடங்கு ஏறுது. காகிதத்துல பார்த்தா பிரமாதமாத்தான் இருக்கும். ஆனா நாலு மடங்கு பிக்சல் இருந்தா நாலு மடங்கு தெளிவு வந்துடுமா? வராது. ஏன்னா நடுவுல ஒரு பார்ட்டி இருக்கு. நம்ம கண்ணு.

கண் டாக்டர்கிட்ட போனா ஒரு எழுத்துப் பலகை காட்டுவாங்க இல்லையா? அதை 1862-ல உருவாக்கினவர் நெதர்லாந்து கண் மருத்துவர் ஹெர்மன் ஸ்நெல்லன். "உங்க பார்வை 6/6"ன்னு டாக்டர் சொன்னா என்ன அர்த்தம்னா, 6 மீட்டர் தூரத்துல நின்னு, ஒரு பாகையில 60-ல ஒரு பங்கு அளவுள்ள கோட்டை உங்களால பிரிச்சுப் பார்க்க முடியுதுன்னு அர்த்தம். வட்டத்துக்கு 360 பாகைன்னு ஸ்கூல்ல படிச்சோமே, அந்தப் பாகை. அதனால டிவி உலகத்துல ரொம்ப காலமா ஒரு கணக்கு இருந்துச்சு: உங்க பார்வையில ஒரு பாகைக்குள்ள 60 பிக்சல் அடங்கிட்டா போதும், அதுக்கு மேல கண்ணுக்குத் தெரியாது.

2025-ல கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்களும் மெட்டா நிறுவன ஆராய்ச்சியாளர்களும் சேர்ந்து இதைப் புதுசா அளந்து பார்த்தாங்க. 60 இல்ல, அதைவிட நம்ம கண்ணு கெட்டிக்காரத்தனமானதுன்னு தெரிஞ்சுது. நேராப் பார்க்கும்போது, கறுப்பு வெள்ளை விவரங்களுக்குச் சராசரியா ஒரு பாகைக்கு 94 பிக்சல் வரைக்கும் வித்தியாசம் தெரியுது. சிவப்பு-பச்சைக்கு 89. மஞ்சள்-ஊதாவுக்கு வெறும் 53. நிறத்துல கண்ணு கொஞ்சம் சோம்பேறி.

நாம கஞ்சத்தனம் பண்ணாம அந்த 94-ஐயே எடுத்துக்குவோம்.

இப்ப உங்க ஹாலை அளங்க

பாகைங்கறது தூரத்தைப் பொறுத்தது. அதே டிவிதான், நீங்க தள்ளிப் போகப் போக ஒரு பாகைக்குள்ள நிறைய பிக்சல் வந்து அடங்கிடும். அதனாலதான் சோபாவை அளக்கச் சொன்னேன்.

எங்க ஹால்ல டிவிக்கும் சோபாவுக்கும் 9 அடி. அங்கிருந்து 55 இன்ச் டிவியைப் பார்த்தா, ஃபுல் எச்டிக்கு ஒரு பாகைக்கு சுமார் 75 பிக்சல் வரும். 4கே-க்கு 150. 8கே-க்கு 300. நம்ம கண்ணோட எல்லை 94. அப்படின்னா ஃபுல் எச்டியில இருந்து 4கே-க்குப் போனா கொஞ்சம் வித்தியாசம் தெரியலாம், கூர்ந்து பார்த்தா. 4கே-யில இருந்து 8கே-க்குப் போனா ஒண்ணுமே தெரியாது. 150-ஏ கண்ணுக்கு மிச்சம்தான்.

கால்குலேட்டர் வேண்டாம், ஒரு எளிய வழி சொல்றேன். டிவியோட இன்ச்சை 10-ஆல வகுங்க. வர்ற எண்ணை அடியா எடுத்துக்கோங்க. அந்த தூரத்தைவிடத் தள்ளி உக்காந்தா 4கே-யே உங்க கண்ணோட எல்லையைத் தாண்டிடுச்சு. 55 இன்ச்சுக்கு ஐந்தரை அடி. 65 இன்ச்சுக்கு ஆறரை அடி. 75 இன்ச்சுக்கு ஏழரை அடி. இன்ச்சை 5-ஆல வகுத்தா அது ஃபுல் எச்டிக்கான எல்லை. 43 இன்ச் டிவியை ஒன்பது அடி தள்ளி உக்காந்து பாக்குறவங்களுக்கு ஃபுல் எச்டிக்கும் 4கே-க்கும் பிக்சல் கணக்குல பெரிய வித்தியாசம் இல்ல.

இப்ப எங்க அம்மா விஷயத்துக்கு வருவோம். அவங்க பாத்தது எஸ்டி சேனல். அதுல அகலவாக்குல 720 புள்ளிதான். அதை 55 இன்ச்சுல இழுத்துப் போட்டா, 9 அடியில ஒரு பாகைக்கு 28 புள்ளிதான் வருது. பழைய 32 இன்ச்சுல அதே சேனல், அதே தூரம், 49 புள்ளி. அதாவது நான் வாங்கிக் குடுத்த டிவி, அவங்க பாக்குற படத்தோட தெளிவைக் கிட்டத்தட்டப் பாதியாக் குறைச்சிருக்கு! மாவு அதேதான், நான் கல்லை மட்டும் பெருசு பண்ணிட்டேன். தோசை பெருசாச்சு, நடுவுல ஓட்டை ஓட்டையா ஆயிடுச்சு.

அப்போ 8கே-யை யாருக்காகக் கண்டுபிடிச்சாங்க?

இது நியாயமான கேள்வி. 8கே சும்மா விளம்பரத்துக்காக வந்த விஷயம் இல்ல. ஜப்பானோட பொது ஒளிபரப்பு நிறுவனமான என்எச்கே 1990-கள்லயே இந்த ஆராய்ச்சியை ஆரம்பிச்சிட்டாங்க. 2018 டிசம்பர் 1-ஆம் தேதி உலகத்தோட முதல் 8கே சேனலையும் தொடங்கினாங்க. ஸ்டான்லி கூப்ரிக்கோட '2001: எ ஸ்பேஸ் ஒடிசி' படத்தை 8கே-ல போட்டுக் காட்டினாங்க.

அவங்க நோக்கம் என்னன்னா, திரை உங்க பார்வையில 100 பாகையை நிரப்பணும். டிவி பாக்குற மாதிரி இருக்கக் கூடாது, ஜன்னல் வழியா உலகத்தைப் பாக்குற மாதிரி இருக்கணும். அதுக்கு நீங்க திரையோட உயரத்துல முக்கால் பங்கு தூரத்துல உக்காரணும்னு கணக்குப் போட்டாங்க. 55 இன்ச் டிவியோட உயரம் 27 இன்ச். அதுல முக்கால்னா 20 இன்ச். ஒண்ணே முக்கால் அடி கூட இல்ல! அந்த தூரத்துல உக்காந்தா எங்க பாட்டி முதுகுல ஒண்ணு வச்சிருப்பாங்க.

சரி, 9 அடி தூரத்துலேயே உக்காந்து அந்த 100 பாகை அனுபவம் வேணும்னா? திரை 12 அடி உயரம், 21 அடி அகலம் இருக்கணும். நம்ம ஃபிளாட்ல சீலிங்கே 10 அடிதான். அதாவது 8கே ஒரு நல்ல தொழில்நுட்பம்தான், ஆனா அதோட சரியான இடம் நம்ம ஹால் இல்ல. பெரிய அரங்கம், மியூசியம், கண்ணுக்கு ரெண்டு இன்ச் தள்ளி மாட்டிக்கிற விஆர் ஹெட்செட், இங்கெல்லாம் பிக்சல் எவ்வளவு இருந்தாலும் தகும். கேமராமேன்களுக்கும் உதவும். 8கே-ல எடுத்துட்டு, வேண்டிய பகுதியை மட்டும் வெட்டி 4கே-யாக் குடுக்கலாம்.

சந்தையும் இதை மெதுவாப் புரிஞ்சுக்கிட்ட மாதிரிதான் தெரியுது. பிளேஸ்டேஷன் 5 வந்தப்போ டப்பா மேல 8கே முத்திரை இருந்துச்சு, 2024-ல அது சத்தமில்லாமக் காணாமப் போச்சு. 2025-ல சோனி தன்னோட 8கே டிவிகளை நிறுத்திடுச்சு. ஐரோப்பாவுல 2023 மார்ச்சுல வந்த மின்சாரக் கட்டுப்பாடு 8கே டிவிகளுக்குப் பெரிய தலைவலியாச்சு. பிக்சல் நெருக்கமாக நெருக்கமா, பின்னாடி இருக்குற விளக்கு வெளிச்சம் வெளிய வர்றதுக்கான இடைவெளி குறையும். அதே வெளிச்சம் வேணும்னா கரண்ட் அதிகமா இழுக்கும். முப்பரிமாண டிவி ஞாபகம் இருக்கா? 'அவதார்' வந்ததும் எல்லாரும் கண்ணாடி மாட்டிக்கிட்டு ஹால்ல உக்காரப் போறோம்னு சொன்னாங்க. 2017-ல எல்ஜியும் சோனியும் அதைக் கைவிட்டாங்க.

வீட்டுக்கு வர்ற படம் எப்படிப்பட்டது?

டிவி எவ்வளவு பெரிய பாத்திரமா இருந்தாலும், குழாய்ல வர்ற தண்ணிதான் அதுல நிரம்பும்.

ஒரு 4கே படத்தைக் கொஞ்சமும் சுருக்காம அனுப்பினா வினாடிக்குச் சுமார் 6 கிகாபிட் வேணும். ஓடிடியில உங்க வீட்டுக்கு வர்றது 15-ல இருந்து 25 மெகாபிட். அதாவது சில நூறுல ஒரு பங்கு! அவ்வளவு பிழிஞ்சு அனுப்புறாங்க. இருட்டுக் காட்சியில சுவரெல்லாம் கட்டம் கட்டமாத் தெரியுதா? சூரிய அஸ்தமனத்துல வானம் படிக்கட்டு மாதிரி பட்டை பட்டையா இருக்கா? அது பிக்சல் பத்தாததால இல்ல, டேட்டா பத்தாததால. ஃபுல் எச்டி ப்ளூரே டிஸ்க்ல வினாடிக்கு 40 மெகாபிட் வரைக்கும் படத்துக்கே ஒதுக்க முடியும். அதனாலதான் நல்ல ப்ளூரே, சுமாரான 4கே ஸ்ட்ரீமை விட அழகாத் தெரியும்.

படம் எடுக்குற இடத்துலயும் இதே கதைதான். 'ஸ்கைஃபால்' படத்தை ரோஜர் டீக்கின்ஸ் ஏரி அலெக்ஸா கேமராவுல எடுத்தார். அதோட ரெசல்யூஷன் 2.8கே. அந்தப் படத்தை ஐமேக்ஸ் திரையிலயே போட்டாங்க. யாரும் மங்கலா இருக்குன்னு எந்திரிச்சுப் போகல. நல்ல லென்ஸ், நல்ல வெளிச்சம், நல்ல கான்ட்ராஸ்ட் இருந்தா கண்ணு பிக்சலை எண்ணிக்கிட்டு உக்காராது.

அப்போ எதுக்குக் காசு குடுக்கலாம்?

முதல்ல ஒண்ணு தெளிவாச் சொல்லிடுறேன். 4கே வேண்டாம்னு நான் சொல்லல. இன்னைக்கு 50 இன்ச்சுக்கு மேல போனா கடையில இருக்குறது பெரும்பாலும் 4கே-தான். தாராளமா வாங்குங்க. ஆனா 4கே டிவியில நல்ல படத்தைப் பார்த்து அசந்து போறோமே, அதுக்குப் பாதிக் காரணம் பிக்சல் இல்ல, எச்டிஆர்.

பழைய முறையில படத்தோட உச்ச வெளிச்சத்தை 100 நிட்ஸ்னு வச்சுக்கிட்டுத்தான் தயார் பண்ணுவாங்க. எச்டிஆர்ல அது 1000, சில சமயம் 4000. நிறமும் 1 கோடியே 67 லட்சத்துல இருந்து 107 கோடிக்கு ஏறுது. இருட்டு ரூம்ல ஒரு மெழுகுவர்த்தி எரியுற காட்சின்னா, சுடர் பளிச்சுனு இருக்கணும், மூலை கன்னங்கரேல்னு இருக்கணும். இந்த வித்தியாசம் 9 அடியில இல்ல, 19 அடியில இருந்தாலும் தெரியும். ஆனா உஷார்! டப்பாவுல "எச்டிஆர் சப்போர்ட்"னு போட்டிருந்தா, அந்த சிக்னலைப் புரிஞ்சுக்கும்னு மட்டும்தான் அர்த்தம். விலை கம்மியான நிறைய டிவியில உச்ச வெளிச்சம் 300 நிட்ஸைத் தாண்டாது. விமர்சனம் படிக்கும்போது "எத்தனை நிட்ஸ், லோக்கல் டிம்மிங் இருக்கா, இல்ல ஓஎல்இடி பேனலா"ன்னு தேடுங்க.

கடையில ஏன் எல்லாமே அழகாத் தெரியுது? அங்க நீங்க மூணு அடியில நிக்குறீங்க. அதுக்குன்னே எடுத்த டெமோ வீடியோ ஓடுது, கலரும் வெளிச்சமும் உச்சத்துல இருக்கு. பிக்சல் எண்ணிக்கையை ஒரு ஸ்டிக்கர்ல அச்சடிச்சு ஒட்டிடலாம். கறுப்பு எவ்வளவு கறுப்பா இருக்குன்னு ஸ்டிக்கர் ஒட்ட முடியாது. அதான் எல்லாரும் எண்ணை வச்சே வியாபாரம் பண்றாங்க.

காசே இல்லாம செய்யக்கூடிய வேலை

திருச்சி வீட்டுக்குத் திரும்பிப் போறேன். அந்தப் பொங்கல் லீவுல நான் செஞ்சது இவ்வளவுதான்.

டிவிக்குப் பின்னாடி எட்டிப் பார்த்தேன். பழைய எஸ்டி பாக்ஸ், மஞ்சள்-சிவப்பு-வெள்ளை ஒயர்ல மாட்டியிருந்துச்சு. எச்டி பாக்ஸா மாத்தி, எச்டிஎம்ஐ ஒயர் போட்டு, அம்மா பாக்குற சேனல்களோட எச்டியை மட்டும் சேர்த்தேன். காசு செலவானது இதுக்கு மட்டும்தான். அப்புறம் செட்டிங்ஸ்ல "விவிட்"ங்கறதை எடுத்துட்டு "சினிமா" மோட் வச்சேன். ஷார்ப்னெஸ் உச்சத்துல இருந்துச்சு, கீழ இறக்கினேன். அது புது விவரம் எதையும் சேர்க்காது, ஓரத்துல வெள்ளைக் கோடுதான் போடும். மோஷன் ஸ்மூத்திங்கை நிறுத்தினேன். 24 பிரேம்ல எடுத்த சினிமாவை சீரியல் மாதிரி வழவழன்னு ஆக்குறது அதுதான். 2018-ல டாம் குரூஸே ஒரு வீடியோ போட்டு, தயவுசெஞ்சு அதை ஆஃப் பண்ணுங்கன்னு கேட்டுக்கிட்டார்.

மூஞ்சியில இருந்த பிசுபிசுப்பு போச்சு. அப்பா, "இப்பதான்டா புது டிவி வந்திருக்கு"ன்னார். அம்மாவும் ஹாலுக்கு வந்தாங்க. ஆனா ரெண்டு நாள் கழிச்சுப் பார்த்தா, நாற்காலியை மறுபடியும் டிவி கிட்ட இழுத்துப் போட்டிருந்தாங்க.

அப்பதான் எனக்கு உறைச்சுது. நான் இவ்வளவு நாளா டிவியையே பாத்துக்கிட்டிருந்தேன். அம்மா கண்ணைப் பார்க்கவே இல்ல.

டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனோம். ரெண்டு கண்ணுலயும் புரை. "எவ்ளோ நாளா இப்படி இருக்கு?"ன்னு டாக்டர் கேக்க, அம்மா, "ரொம்ப நாளாவே மங்கல்தான் சார், டிவிதான் பழசாயிடுச்சுன்னு நெனச்சேன்"னாங்க. நானும் அதையேதான நெனச்சேன்? மங்கலா இருக்குன்னு அவங்க சொன்ன முதல் நாளே நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி, எந்த மாடல்னு இல்ல, எந்தக் கண்ணுன்னு.

முதல் கண்ணுக்கு ஆபரேஷன் முடிஞ்சு, சில நாள் கழிச்சு போன் பண்ணாங்க. "டேய், அந்த சீரியல்ல மருமக கட்டிருக்காளே புடவை, அது நீலம்டா! நான் இத்தனை நாளா பச்சைன்னுல்ல நெனச்சுட்டு இருந்தேன்." புரை வந்த லென்ஸ் மஞ்சளாயிடும், நீல ஒளியைத் தடுக்கும். அதை எடுத்துட்டுப் புது லென்ஸ் வச்சதும் நீலம் திரும்ப வந்துடுச்சு. எங்க வீட்டுல நடந்த பெரிய அப்கிரேடு அதுதான்.

சுருக்கமா

நண்பனுக்கு நான் கடைசியா என்ன சொன்னேன்? அவன் ஹால்ல 10 அடி. 75 இன்ச்சுக்கு 4கே எல்லை ஏழரை அடி. 8கே-க்காகக் குடுக்குற காசு அவன் கண்ணுக்கே தெரியாது. "இஎம்ஐ மட்டும் மாசா மாசம் தெளிவாத் தெரியும்டா"ன்னேன். இப்ப 65 இன்ச் 4கே, நல்ல பேனலாப் பார்த்துக்கிட்டு இருக்கான். மிச்சக் காசுல ஒரு சவுண்ட்பார் வாங்குறதா யோசனை. நல்ல யோசனை. டிவி ஒல்லியானதுல ஸ்பீக்கருக்கு இடமே இல்லாமப் போச்சு, வசனம் கேக்காம நாம எல்லாரும் சப்டைட்டில் போட்டுத் தமிழ்ப் படம் பாக்குறோம்.

நீங்களும் வாங்குறதா இருந்தா வரிசை இதுதான்: முதல்ல தூரத்தை அளங்க. அப்புறம் வீட்டுல என்ன பாக்குறீங்க, எஸ்டியா, எச்டியா, ஓடிடியான்னு பாருங்க. அப்புறம் வெளிச்சம், கான்ட்ராஸ்ட். பிக்சல் கடைசியா.

வீட்டுல வயசானவங்க நாற்காலியை டிவி கிட்ட இழுத்துப் போட ஆரம்பிச்சிருக்காங்கன்னா, கடைக்குப் போறதுக்கு முன்னாடி அவங்களைக் கண் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க.

அடுத்த வாரம் சந்திப்போம். அதுவரைக்கும் டிவியை விட்டுக் கொஞ்சம் தள்ளியே உக்காருங்க.